அச்சாரப் பணம் யாருடையது?

வீடு வாங்குவதைப் பற்றிப் பேச ஒரு பழைய தலைமையாசிரியர் வந்திருக்கிறாரே, இது நம் தந்தையார் கவலையல்லவா என்று நீங்கள் நினைக்கக்கூடும். நான் கண்ட வரையில், நம் குடும்பங்களில் ஒரு பத்திரத்தையோ ரசீதையோ படித்துப் பொருள் சொல்லும் பொறுப்பு, படிக்கிற பிள்ளையின் மீதுதான் வந்து விழுகிறது. "இதில் என்ன எழுதியிருக்கிறது, பார்த்துச் சொல்" என்று தாளை நீட்டுவார்கள். அப்பொழுது விழிக்காமல் இருப்பதற்கு வேண்டிய சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். பொருள் சிறியதுதான். வீடு பேசும்பொழுது, "இதை இனி வேறொருவருக்குக் காட்டாதீர்கள்" என்று சொல்லித் தரகர் கையில் ஒரு தொகையைக் கொடுக்கிறோம். சில மாதங்களில் வீடு நம் பெயருக்குப் பதிவாகிவிடுகிறது. தரகர் கையிலிருந்த அந்தத் தொகை என்ன ஆயிற்று? அது யாருக்குச் சேர வேண்டியது? நமக்குச் சேர வேண்டியதானால் அதை எவ்வாறு திரும்பப் பெறுவது?

இத்தகைய தொகைக்கு நம் நாட்டில் வழங்கும் பழைய பெயர் அச்சாரம். 'டோக்கன் அட்வான்ஸ்' என்பது இன்று தெருவில் கேட்கும் பெயர். மாட்டுச் சந்தையிலும், பந்தல்காரரிடத்தும், மேளகாரரிடத்தும் அச்சாரம் கொடுக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வந்திருக்கிறது. வெறும் பேச்சு காற்றோடு போய்விடும். ஒரு ரூபாயாவது கைமாறினால்தான் பேச்சுக்கு உடம்பு உண்டாகிறது என்பது மக்களின் எண்ணம். வடமொழித் தரும நூல்களில் இதற்குச் 'சத்தியங்காரம்' என்று பெயர். 'மெய்யாக்குவது' என்பது அதன் பொருள். சத்தியங்காரமாகப் பெற்ற பொருளை இரு மடங்காகத் திருப்பித் தரச் செய்ய வேண்டும் என்று யாக்ஞவல்கிய ஸ்மிருதி விதிக்கிறது. இனிக் கடல் கடந்து பாருங்கள். கி.பி. 533-இல் ஜஸ்டினியன் என்னும் பேரரசன் வெளியிட்ட சட்டப் பாடநூலில், அச்சாரம் கொடுத்து வாங்க வந்தவன் பின்வாங்கினால் கொடுத்ததை இழப்பான். விற்க வந்தவன் பின்வாங்கினால் பெற்றதை இரட்டித்துத் தருவான் என்று இருக்கிறது. 1804-இல் எழுந்த பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின் 1590-ஆம் விதியும் இதையே கூறுகிறது. உரோமர் இதற்கு வைத்திருந்த 'அர்ரா' என்ற பெயரும் அவர்களுடைய சொந்தச் சொல் அன்று. செமித்திய மொழி பேசிய வணிகர்களிடமிருந்து கிரேக்கர் வழியாக அவர்களிடம் வந்தது என்பர். சந்தையில் பிறந்த சொல் பிறகுதான் நீதிமன்றத்துக்குள் நுழைந்தது. எனக்கு இந்த ஒற்றுமை எப்பொழுதும் வியப்பளிப்பது.

இன்றைய இந்தியச் சட்டம் இரட்டிப்பை அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. "தவறினால் வாங்கியதைப் போல் இரு மடங்கு தருவேன்" என்று ஒப்பந்தத்தில் எழுதும் பழக்கம் இன்றும் இருக்கிறது. ஆனால் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்து 74-ஆம் பிரிவின்படி, அவ்வாறு எழுதப்பட்ட தொகை ஓர் உச்ச வரம்பே ஆகும்; அதற்கு மேற்படாமல், நியாயமான ஈடு எவ்வளவு என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கும்.

வீடு வாங்கும்போது முன்கூட்டிக் கொடுக்கும் பணம் எல்லாம் ஒரே தன்மையுடையதன்று என்பதை இங்கே மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒப்பந்தமே ஏற்படுமுன், பேச்சு நடக்கும் காலத்தில், இடத்தை நிறுத்திவைக்கக் கொடுப்பது ஒன்று. ஒப்பந்தம் ஏற்படும்போது, அதை நிறைவேற்றுவேன் என்பதற்கு உறுதியாகக் கொடுப்பது மற்றொன்று; அச்சாரம் என்று சட்டத்தில் முறையாகச் சொல்லத்தக்கது இதுதான். விலையில் ஒரு பகுதியை முன்னதாகச் செலுத்துவது மூன்றாவது. மூன்றையும் நாம் 'அட்வான்ஸ்' என்ற ஒரே சொல்லால் வழங்கிவிடுகிறோம். குழப்பம் பாதி அந்தச் சொல்லிலேயே தொடங்குகிறது.

1963-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஃபதே சந்த் வழக்கில் இந்த வேறுபாடு நன்கு விளங்கும். 1949-இல் டெல்லியில் நிலமும் கட்டடமுமாக ஒரு சொத்து ரூ. 1,12,500-க்குப் பேசப்பட்டது. ரூ. 1,000 அச்சாரமாகவும், ரூ. 24,000 விலையின் ஒரு பகுதியாகவும் கொடுக்கப்பட்டன. விற்பனை முறிந்தது. விற்க இருந்தவர் மொத்தம் ரூ. 25,000-ஐயும் தமக்கே வைத்துக்கொள்ளப் பார்த்தார். அச்சாரமாகிய ஆயிரத்தை வைத்துக்கொள்ளலாம், மற்ற 24,000-ஐ, அவ்வளவு நட்டம் ஏற்பட்டது என்று காட்டாத வரையில், வைத்துக்கொள்ள முடியாது என்று நீதிமன்றம் கூறிற்று. 1969-இல் மற்றொரு வழக்கு. இராணுவத்துக்கு உருளைக்கிழங்கும் முட்டையும் மீனும் கோழியும் வழங்க ஒப்புக்கொண்ட மௌலா பக்ஷ் என்பவர் ஈடாகக் கட்டிய ரூ. 10,000-ஐயும் ரூ. 8,500-ஐயும் அரசாங்கம் பறிமுதல் செய்தது. நட்டத்தைக் காட்டாமல் அப்படிச் செய்தது செல்லாது என்று தீர்ப்பாயிற்று. 2015-இல் வந்த கைலாஷ் நாத் வழக்கு இன்னும் சுவையானது. டெல்லி வளர்ச்சிக் குழுமம் ஏலத்தில் விட்ட மனைக்காக ஒரு நிறுவனம் கட்டியிருந்த ரூ. 78 லட்சத்தைக் குழுமம் எடுத்துக்கொண்டு, அதே மனையை மறு ஏலத்தில் முன்னைவிடப் பல மடங்கு விலைக்கு விற்றது. நட்டம் எங்கே இருக்கிறது என்று கேட்ட உச்ச நீதிமன்றம், பணத்தை நூற்றுக்கு 9 வட்டியுடன் திருப்பித் தரச் சொல்லிற்று.

இதைக் கேட்டு, அச்சாரத்தை எவரும் எடுத்துக்கொள்ளவே முடியாது என்று எண்ணிவிடக் கூடாது. வாங்குவதாக ஒப்பந்தம் செய்துகொண்டவர் தாமே தவறினால் அச்சாரத்தை இழக்கத்தான் வேண்டும். 70 லட்ச ரூபாய்ச் சொத்துக்குக் கொடுத்த 7 லட்ச ரூபாய் அச்சாரம் பறிபோனது சரியே என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

இவையெல்லாம் முறிந்துபோன விற்பனைகளின் கதை. வீடு வாங்கி முடிந்தவர்க்கோ நிலைமை வேறு. ஒப்பந்தம் நிறைவேறிவிட்டால் அச்சாரம் விலையில் சேர்ந்துவிடும். வாங்குபவர் தவறினால்தான் அது பறிமுதலுக்கு உரியதாகும் என்பதை 1969-ஆம் ஆண்டின் ஹனுமான் காட்டன் மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக வகுத்துக் கூறியது. ஆகவே பதிவு முடிந்த வீட்டைப் பொறுத்தவரையில் "அட்வான்ஸ் திரும்பாது" என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்தத் தொகை ஒன்று விலைக்குள் அடங்கியிருக்க வேண்டும்; அல்லது கொடுத்தவரிடம் திரும்ப வேண்டும். வேறு வழி கிடையாது.

எது என்று எப்படிக் காண்பது? இது ஐந்தாம் வகுப்புக் கூட்டல் கணக்கு. முப்பத்தைந்து ஆண்டு கரும்பலகைக்கு முன்னால் நின்றவன் ஆகையால் இதைக் கணக்காகவே சொல்கிறேன். வீட்டின் விலை ரூ. 42,00,000. தரகர் கையில் கொடுத்தது ரூ. 50,000. ஒப்பந்தம் எழுதிய நாளில் விற்பவருக்கு நேரே ரூ. 4,00,000 போயிற்று. பதிவு நாளில், வங்கிக் கடனும் கைப்பணமுமாக, ரூ. 37,50,000 விற்பவர்க்குப் போயிற்று என்று வைத்துக்கொள்வோம். விற்பவர் கைக்கு வந்தது 41,50,000. மீதி 50,000 தரகர் கையில் இருக்கிறது. அப்படியானால் அது விற்பவருடைய பணம். அதைத் தரகரிடம் கேட்க வேண்டியவர் விற்பவரே; வாங்கியவருக்கு அதில் பேச்சில்லை. இனிப் பதிவு நாளில் போனது ரூ. 38,00,000 என்று வைத்துக்கொள்வோம். நாலும் முப்பத்தெட்டும் நாற்பத்திரண்டு. விற்பவர் முழு விலையையும் பெற்றுவிட்டார். தரகரிடம் இருக்கும் 50,000 விலைக்கு மேற்பட்டு நிற்கிறது. அது வாங்கியவருடையது.

இப்படி ஒரு தொகை விலைக்கு வெளியே நின்றுபோவது எவ்வாறு என்று நீங்கள் கேட்கலாம். கவனக் குறைவு மட்டும் காரணமன்று. தரகரிடம் அச்சாரம் கொடுக்கும்போது ஒப்பந்தம் எழுதப்பட்டிருப்பதில்லை. பிறகு ஒப்பந்தம் எழுதும் நாளில், விற்பவருக்கு நேரே கொடுக்கும் தொகை மட்டும் அதில் ஏறுகிறது. தரகர் கையில் இருப்பது ஏறுவதில்லை. வங்கி கடன் கொடுக்கும்போது ஒப்பந்தத் தாளைப் பார்த்து, விலையில் அதில் கண்ட முன்பணத்தைக் கழித்து, மீதிக்குக் கணக்குப் போடுகிறது. ஆகவே பதிவு நாளில் விற்பவருக்கு முழுத் தொகையும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. பதிவு அலுவலகத்தின் பரபரப்பில், மூன்று மாதத்துக்கு முன் கொடுத்த ஐம்பதினாயிரத்தை எவரும் நினைப்பதில்லை. நினைப்பவர் ஒருவர் உண்டென்றால் அவர் தரகர்.

என்னோடு ஒரே பள்ளியில் பணி செய்து ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவருக்கு இது நேர்ந்தது. ஊருக்கு வெளியே ஒரு பழைய வீட்டை வாங்கினார். தரகர் பெயர் இங்கே வேண்டியதில்லை. பதிவாகி இரண்டு மாதம் கழித்து, அவருடைய மகள், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண், வீட்டுச் செலவுகளை ஒரு நோட்டில் எழுதிக் கூட்டிப் பார்த்திருக்கிறாள். ஐம்பதினாயிரம் எங்கும் ஒட்டாமல் நின்றது. "அப்பா, இது யாரிடம் இருக்கிறது?" என்று கேட்டாள். நண்பர் என்னிடம் வந்தார். அவருடைய வங்கிப் பாஸ் புத்தகத்தையும், ஒப்பந்தத்தையும், கிரயப் பத்திரத்தையும், தரகர் கொடுத்த துண்டுச் சீட்டையும் மேசைமேல் வரிசையாக வைத்துப் பார்த்தோம். கணக்கு மேலே சொன்ன இரண்டாவது வகையைச் சேர்ந்தது. தரகுக் கூலியையும் அவர் பதிவு நாளிலேயே தனியாக வங்கி வழியே செலுத்தியிருந்தார். ஆயினும் அவருக்குக் கேட்கத் தயக்கம். "வீடு அமைத்துக் கொடுத்தவரிடம் போய்ப் பணத்தைத் திருப்பிக் கொடு என்று கேட்பது மரியாதையாக இருக்குமா சார்?" என்றார். ஐம்பதினாயிரம் என்பது அவருடைய இரண்டு மாத ஓய்வூதியம். நம் நாட்டில் நடுத்தரக் குடும்பத்துப் பணம் போகும் வழிகளில் இந்தத் தயக்கமும் ஒன்று என்பது என் கருத்து.

இனித் தரகரின் சட்ட நிலையைப் பார்ப்போம். இங்குதான் மாணவர்கள் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டும். பிறருக்காக ஒரு காரியத்தைச் செய்யவோ, பிறர் சார்பில் மூன்றாமவரோடு தொடர்பு கொள்ளவோ அமர்த்தப்பட்டவர் முகவர். அமர்த்தியவர் முதல்வர். ஒப்பந்தச் சட்டத்தின் 213-ஆம் பிரிவின்படி, முதல்வர் கேட்டால் முகவர் சரியான கணக்குக் காட்ட வேண்டும். 218-ஆம் பிரிவின்படி, முதல்வர் கணக்கில் பெற்ற தொகை எல்லாவற்றையும் அவரிடம் செலுத்த வேண்டும். ஆனால் 217-ஆம் பிரிவு முகவருக்கும் ஓர் உரிமை கொடுத்திருக்கிறது: முதல்வருக்காகப் பெற்ற பணத்திலிருந்து, தமக்கு முறையாக வர வேண்டிய கூலியையும், தக்கபடி செய்த செலவையும் பிடித்துக்கொள்ளலாம். 219-ஆம் பிரிவின்படி, வேறு உடன்பாடு இல்லையென்றால், காரியம் முடிந்த பின்னரே கூலி கேட்கும் உரிமை பிறக்கிறது. தம் கடமையில் முறைகேடு செய்த முகவருக்கு, அந்தப் பகுதி வேலைக்குக் கூலியே இல்லை என்று 220-ஆம் பிரிவு சொல்கிறது.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், கேள்வி ஒன்றுதான்: தரகர் அந்தப் பணத்தை யாருடைய முகவராகப் பெற்றார்? "வீட்டுக்காரர் சார்பில் பெற்றுக்கொண்டேன்" என்று சீட்டில் எழுதியிருந்து, வீட்டுக்காரரும் அவ்வாறு பெற அவருக்கு அதிகாரம் கொடுத்திருந்தால், தரகர் கையில் கொடுத்தது வீட்டுக்காரர் கையில் கொடுத்தது போலாகும். அப்பொழுது விலையில் அதைக் கழிக்கச் சொல்லி வீட்டுக்காரரையே கேட்கலாம். அப்படி ஒன்றும் இல்லையென்றால், இரு தரப்புக்கும் நடுவில் நின்று, பேச்சு முடியும் வரை நமக்காக வைத்திருக்கிறார் என்றே கொள்ள வேண்டும். நம் நாட்டுத் தரகர் பலர் இரு பக்கமும் கூலி வாங்குபவர் ஆகையால், சமயத்துக்குத் தக்கபடி அவர் இந்தப் பக்கத்து ஆளாகவும் அந்தப் பக்கத்து ஆளாகவும் மாறிப் பேசுவதுண்டு. சீட்டின் வாசகம்தான் அவரை ஓரிடத்தில் நிறுத்தும்.

இங்கிலாந்தில் 1976-இல் பிரபுக்கள் சபையின் முன் வந்த சாரெல் – ஃபிஞ்ச் வழக்கை இவ்விடத்தில் நினைக்கத் தோன்றுகிறது. வீட்டுத் தரகர் ஒருவர் ஒரே வீட்டுக்காகப் பலரிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு மறைந்துவிட்டார். பணம் கொடுத்தவர் வீட்டுக்காரரைப் பிடித்தார். வீட்டுக்காரர் பணம் வாங்கச் சொல்லி அதிகாரம் கொடுக்கவில்லை. ஒப்பந்தம் ஏற்படும் வரை அந்தப் பணம் கொடுத்தவருடையது. எந்நேரமும் அவர் அதைத் திருப்பிக் கேட்கலாம். ஆகவே அது தொலைந்ததற்கு வீட்டுக்காரர் பொறுப்பாளி அல்லர் என்று தீர்ப்பாயிற்று. பணம் கொடுத்தவர்க்கு உரிமை முழுவதும் இருந்தது. அதைச் செலுத்தத்தான் ஆள் இல்லை! அந்நாட்டுப் பாராளுமன்றம் 1979-இல் வீட்டுத் தரகர் சட்டம் ஒன்றை இயற்றியது. அதன்படி தரகர் பெறும் முன்பணம் பிறர்பொருட்டு அவர் நம்பிக்கையாக வைத்திருக்கும் பணம். தம் சொந்தக் கணக்கோடு கலவாமல் தனி வங்கிக் கணக்கில் அதைப் போட்டுவைக்க வேண்டும். நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம், பதிவு பெற வேண்டிய புதிய குடியிருப்புத் திட்டங்களை விற்றுக் கொடுக்கும் முகவர்கள் தம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது. அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவின்படி, விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் நூற்றுக்குப் 10-க்கு மேல் கட்டுமான நிறுவனத்தார் முன்பணம் பெறக் கூடாது. ஆனால் ஒருவர் தாம் குடியிருந்த பழைய வீட்டை விற்கும்போது இடையில் நிற்கும் தரகர் இந்த வலைக்குள் அகப்படுவதில்லை. ஓவிய ஆசிரியரின் தரகர் இந்த வகையினர்.

நண்பர் கேட்டபோது தரகர் மூன்று விடைகள் சொன்னார். மூன்றும் இந்தத் தொழிலில் வழக்கமாகக் கேட்பவையே. "அதை நான் அன்றைக்கே வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டேன்" என்பது முதலாவது. இதற்கு மறுமொழி எளிது. வீட்டுக்காரரிடம் ஒரு வரி எழுதி வாங்கினால் போதும். பெற்றேன் என்றால் அவர் திருப்பித் தர வேண்டும். பெறவில்லை என்றால் தரகர் தர வேண்டும். நண்பருக்கு வீடு விற்ற அம்மையார் "எனக்கு வரவில்லை" என்று கையெழுத்திட்டுக் கொடுத்தார். "அதை என் கூலியில் வைத்துக்கொண்டேன்" என்பது இரண்டாவது விடை. பேசிய கூலி செலுத்தப்படாமல் இருந்தால் இந்த விடையில் நியாயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தரகுக் கூலிக்குச் சட்டம் வகுத்த விகிதம் இல்லை. நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்று ஊருக்கு ஊர் பேச்சு. பேசியது எவ்வளவு, செலுத்தியது எவ்வளவு, மீதி எவ்வளவு என்பதையே பார்க்க வேண்டும். முழுக் கூலியும் செலுத்தியாகிவிட்டபின், பிடித்துக்கொள்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. "சீட்டின் அடியில் 'எக்காரணம் கொண்டும் திரும்பாது' என்று அச்சிட்டிருக்கிறதே" என்பது மூன்றாவது விடை. வாங்குபவர் பின்வாங்கினால் என்ன ஆகும் என்பதற்காகப் போட்ட வாசகம் அது. வாங்கி முடித்தவரிடம் அதைக் காட்டுவது, தேர்வில் தேறிய மாணவனிடம் தோற்றவர்க்குரிய விதியைப் படித்துக் காட்டுவது போலாகும்.

வாய்ப்பேச்சு பயன்படவில்லையென்றால் கடிதம் எழுத வேண்டும். கடிதத்தில் கோபம் இருக்கலாகாது. கணக்கு இருக்க வேண்டும். எந்த நாளில், எந்த வீட்டுக்காக, எவ்வழியாக எவ்வளவு கொடுத்தோம். விற்பவருக்கு நேரே செலுத்திய தொகைகள் எவை. அவை விலைக்குச் சமமாக இருப்பது. தரகுக் கூலி இன்ன நாளில் செலுத்தப்பட்டது. ஆகவே இவ்வளவு பணத்தை இத்தனை நாளுக்குள் இந்த வங்கிக் கணக்கில் செலுத்துக என்று ஒரு பக்கத்துக்குள் எழுதிவிடலாம். ஆதாரங்களின் நகல்களை இணைக்க வேண்டும், மூலங்களைக் கைவிடலாகாது. முன்னாளில் இத்தகைய கடிதத்தை ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்புவோம். 2025 செப்டம்பரில் பதிவுத் தபால் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டதால், இப்பொழுது விரைவு அஞ்சலில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்த வேண்டும். கைப்பேசியில் வந்த செய்திகளையும் அழிக்கக் கூடாது. "அடுத்த மாதம் தருகிறேன் சார்" என்று தரகர் அனுப்பிய ஒரு வரிதான் நண்பரின் வழக்குக்கு முதுகெலும்பாக இருந்தது. கடிதம் போனபின் தரகர் இரண்டு தவணையாக முழுத் தொகையையும் கட்டிவிட்டார்.

அப்படிக் கட்டாவிட்டால் செல்லத்தக்க இடங்கள் சில உண்டு. வட்ட, மாவட்டச் சட்டப் பணிகள் குழுக்கள் 1987-ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்தவை. வழக்குத் தொடுக்கும் முன்பே அங்கு மனுக் கொடுத்து, இரு தரப்பும் மக்கள் நீதிமன்றத்தில் அமர்ந்து பேசி முடிக்கலாம். அங்கே ஏற்படும் முடிவு சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். கூலி பெற்றுப் பணி செய்பவர் அதில் குறை செய்தார் என்ற முறையில், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்கும் போகலாம். அங்கு வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயமில்லை. காரணம் பிறந்து 2 ஆண்டுக்குள் முறையிட வேண்டும். தரகர் பதிவு பெற்ற முகவராக இருந்து, திட்டமும் பதிவு பெற்றதாக இருந்தால், மனை வணிக ஒழுங்குமுறை ஆணையம் இருக்கிறது. சிவில் நீதிமன்றம் எல்லாருக்கும் பொது. பணத்தை மீட்கும் இத்தகைய வழக்குக்குக் காலவரம்பு பொதுவாக 3 ஆண்டு. அந்த 3 ஆண்டு முடியுமுன் கடன்பட்டவர் எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், அன்றிலிருந்து காலம் புதிதாக ஓடத் தொடங்கும் என்று 1963-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம் 18-ஆம் பிரிவில் கூறுகிறது. வெறும் வாக்குறுதியால் காலம் நீளாது. "அவர் தருவதாகச் சொல்லிக்கொண்டேயிருந்தார்" என்று நான்காம் ஆண்டில் போய் நிற்பவருக்குச் சட்டம் உதவி செய்வது அரிது.

காவல் நிலையத்துக்குப் போகலாமா என்று சிலர் கேட்பர். நம்பி ஒப்படைத்த பணத்தைத் தன்வயப்படுத்திக்கொள்வது குற்றந்தான். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆம் பிரிவு, அதைத் தரகரோ முகவரோ தம் தொழில் முறையில் செய்தால் தண்டனையைக் கடுமையாக்கியிருக்கிறது. ஆயினும் கணக்கில் கருத்து வேறுபாடு என்பது வேறு, மோசடி என்பது வேறு. ஒரே வீட்டைக் காட்டி நாலு பேரிடம் வாங்கியவர்மீது புகார் கொடுப்பது முறை. கூலி எவ்வளவு பேசினோம் என்று வாதிடுபவரைப் பயமுறுத்துவதற்காகப் புகார் எழுதுவது எனக்கு உடன்பாடன்று. காவல் நிலையம் கடன் வசூல் செய்யும் இடமும் அன்று.

தொடக்கத்தில் சற்று விழிப்பாக இருந்தால் இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பணத்தை ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது. அசையாச் சொத்தின் விற்பனையைப் பற்றிய முன்பணம் ரூ. 20,000 அல்லது அதற்கு மேற்பட்டால் ரொக்கமாகப் பெறக் கூடாது என்ற வருமானவரி விதி 2015 ஜூன் முதல் வந்திருக்கிறது; மீறிப் பெற்றவருக்கு அதே அளவு தொகை தண்டமாகும். கூடுமானால் அச்சாரத்தை விற்பவர் கணக்குக்கே நேராகச் செலுத்திவிட வேண்டும். தரகரிடந்தான் கொடுக்க வேண்டியிருந்தால், சீட்டில் நான்கு செய்திகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்: எந்தச் சொத்து, யார் சார்பில் பெறுகிறார், விற்பனை முடிந்தால் விலையில் கழியுமா, முடியாவிட்டால் எத்தனை நாளில் திரும்பும். ரசீதுத் தொகை ரூ. 5,000-க்கு மேற்பட்டால் ஒரு ரூபாய் வருவாய் முத்திரை ஒட்ட வேண்டும். பிறகு ஒப்பந்தம் எழுதும் நாளில் அந்தச் சீட்டை மேசைமேல் வைத்து, "இன்ன தரகர் வழியாகக் கொடுத்த இன்ன தொகை உட்பட" என்ற சொற்களை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். பத்திரம் எழுதுபவர் முகம் சுளிக்கலாம், சுளிக்கட்டும். தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்ற திருத்தம் 2012-இல் வந்தது. பதிவான ஒப்பந்தத்தில் இந்த ஒரு வரி ஏறிவிட்டால் வங்கியும் அதைக் கழித்தே கணக்குப் போடும்.

பணம் திரும்பி வரும்போது செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அதை நண்பருக்கும் நினைவூட்டினேன். முதல் தவணை வந்ததும், "மொத்தம் ரூ. 50,000-இல் இன்று ரூ. 25,000 பெற்றேன், மீதி ரூ. 25,000" என்று எழுதித் தரகரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். அந்த ஒரு தாள் கடனை அவர் ஒப்புக்கொண்டதாகவும் ஆகிவிடுகிறது. கடைசித் தவணை வங்கியில் ஏறியதைப் பாஸ் புத்தகத்தில் பார்த்த பின்னரே, பழைய சீட்டின் குறுக்கே கோடிட்டு, "முழுவதும் பெறப்பட்டது" என்று நாள் குறித்து எழுதி, நகல் ஒன்றை வைத்துக்கொண்டு, மூலத்தைத் தரகரிடம் கொடுத்துவிடலாம்.